அப்பாவின் பிரதி ஏன் வாய் திறப்பதில்லை?

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு ஐந்து வயது. பேச்சு வரவில்லை, நடை தள்ளாடுகிறது, வலிப்பும் உண்டு. முகத்தில் மட்டும் எந்நேரமும் சிரிப்பு. மரபணுச் சோதனையில் 'ஏஞ்சல்மன் நோய்க்குறி, தாய்வழிப் பிரதி பாதிப்பு' என்று வந்திருக்கிறது. அன்றிலிருந்து புகுந்த வீட்டில் அக்காவைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டதாம்.

இந்த நோயைப் புரிந்துகொள்ளச் செல்லுக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும். அங்கே புரதம் உண்டாவதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதை ஒழிப்பதற்கும் பெரிய ஏற்பாடு இருக்கிறது. யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலச் சிறு புரதத்தைச் சங்கிலியாக ஒட்டிவிட்டால் போதும், ஒட்டப்பட்ட புரதத்தை புரோட்டியசோம் துண்டுதுண்டாக்கிவிடும். இதைக் கண்டறிந்த சிச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

எங்கள் சாலையோரப் புளியமரங்களில் ஒருநாள் பெயின்டால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். வெட்டியது பின்னால் வந்த இயந்திரம்தான். ஆனால் எது போகும், எது நிற்கும் என்பது தூரிகை பட்டபோதே முடிவாகிவிட்டது. செல்லில் தூரிகை பிடிப்பவை ஈ3 லைகேஸ் நொதிகள். நம்மிடம் அறுநூறு வகைக்கு மேல் உண்டு. (எண் எழுதிய மரமெல்லாம் விழுவதில்லை. ஒற்றை யுபிக்விட்டின் ஒட்டிய புரதமும் பல நேரம் இடம்தான் மாறும்.)

நரம்புச் செல் முதிர்ந்தபின் பிரிவதில்லை. வேண்டாத புரதத்தைப் புதுச் செல்களுக்குப் பங்கிட்டுத் தப்பிக்க அதற்கு வழியில்லை. அதன் இழை எங்கே வளர்ந்து எங்கே நிற்பது, நரம்புச் செல்கள் சந்திக்கும் சினாப்ஸில் எத்தனை ஏற்பிகள் இருப்பது என்பதிலெல்லாம் இந்த நொதிகளின் கை இருக்கிறது. பழ ஈயில் ஹைவயர் என்ற ஒரே ஒரு ஈ3 பழுதானாலும், தசையைத் தொடும் நரம்பு முனைகள் கட்டுமீறிக் கிளைக்கின்றன.

வாசகி எழுதிய நோயின் பின்னால் இருப்பது யுபிஇ3ஏ என்ற ஈ3 நொதி. இதை முதலில் கண்டவர்கள் புற்றுநோய் ஆய்வாளர்கள். கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ், நம்மைக் காக்கும் பி53 புரதத்தை ஒழிக்க இந்த நொதியைத்தான் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஹாரி ஏஞ்சல்மன் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1965இல் விவரித்த நோய்க்கும் இதே நொதியின் மரபணுதான் காரணம் என்பது 1997இல்தான் தெரிந்தது.

இந்த மரபணு 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மா தந்தது ஒரு பிரதி, அப்பா தந்தது ஒன்று. உடம்பின் பெரும்பாலான செல்களில் இரண்டும் வேலை செய்கின்றன. நரம்புச் செல்லில் மட்டும் அப்பாவின் பிரதி அடங்கிக் கிடக்கிறது. அதில் ஒரு பிழையும் இல்லை. டி.என்.ஏவின் எதிர் இழையிலிருந்து நீளமான ஓர் ஆர்.என்.ஏ உருவாகிக்கொண்டே இருந்து அதைப் படிக்க விடாமல் தடுக்கிறது. அதனால் அம்மாவின் பிரதி கெட்டால் அங்கே ஈடுகொடுக்க ஆளில்லை.

'அப்படியானால் அம்மாவால்தானே வந்தது' என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பத்தில் ஏழு குழந்தைகளுக்கு இந்த மரபணு இருக்கும் தாய்வழிக் குரோமோசோம் துண்டு தற்செயலாக விடுபட்டிருக்கும்; அம்மாவிடம் அந்தக் குறை பெரும்பாலும் இருப்பதே இல்லை. பரம்பரையாக வரும் சில குடும்பங்களில் கதை இன்னும் விசித்திரம். பழுதான பிரதி அம்மாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். தந்தைவழிப் பிரதி என்பதால் அம்மாவின் மூளையில் அது ஏற்கெனவே அடங்கிக் கிடந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அதே பிரதி தாய்வழிப் பிரதியாகிவிடுகிறது. யாரைக் கூண்டில் ஏற்றுவது? பிள்ளைக்கு எது வந்தாலும் சுமந்தவளைக் கேட்கிற வழக்கத்துக்கு மரபியல் சாட்சி சொல்லாது. எந்த வகை என்று மரபியல் ஆலோசகரிடம் கேட்பதுதான் உருப்படியான காரியம். துண்டு தற்செயலாக விடுபட்ட வகை அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அம்மாவிடமே பழுதான பிரதி இருந்தால் பாதிக்குப் பாதி. இதைக் கேட்காமல் ஜாதகத்தைப் புரட்டும் வீடுகள் உண்டு.

அடங்கிய பிரதியை எழுப்பவும் முயற்சி நடக்கிறது. வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டோப்போடெக்கான் என்ற புற்றுநோய் மருந்து எலியின் நரம்புச் செல்களில் அந்தத் தடுப்பு ஆர்.என்.ஏவைக் குறைத்து அப்பாவின் பிரதியை வேலை செய்ய வைப்பதைக் கண்டார்கள். அது வேறு நீளமான மரபணுக்களையும் முடக்கிவிடுவதால், தடுப்பு ஆர்.என்.ஏவை மட்டும் குறிவைக்கும் மருந்துகளை உருவாக்கி, முதுகுத்தண்டு நீரில் செலுத்தி நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். இதே தாய்வழித் துண்டு இரட்டித்துப் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு ஆட்டிசமும் வலிப்பும் வருவதால், எழுப்புகிற அளவையும் அவர்கள் கவனித்தாக வேண்டும்.