உறைபனியில் ஒரு வெண்மலர்

ஆங்கில நாட்டில் தை, மாசித் திங்கள்களில் மரங்கள் இலையின்றி நிற்கும். அவ்வேளையில் தண்மண்ணைத் துளைத்தெழுந்து, வெண்மணி போலத் தலைகவிழ்ந்து மலர்வது ‘ஸ்நோடிராப்’. லின்னேயஸ் என்னும் அறிஞர் 1753-இல் வெளியிட்ட நூலில் இதனைக் ‘கலாந்தஸ் நிவாலிஸ்’ என்று குறித்தார். கலாந்தஸ் என்பதற்குப் ‘பால்மலர்’ என்பது பொருள்.

இதன் கிழங்கு சிறு வெங்காயத்தை ஒத்தது. ஆயினும் வெங்காயம் போல் உலரவிட்டால் பட்டுப்போகும். ஆகவே பூ ஓய்ந்ததும், இலை பசுமையாயிருக்கும்போதே செடிக்கொத்தைப் பெயர்த்துப் பிரித்து, முன்பிருந்த ஆழத்திலேயே உடனே நடுகின்றனர். இலையுதிர் மரத்தடி இதற்கு உகந்த இடம். பூக்குங்காலத்தில் ஒளி கிட்டும், கோடையில் நிழல் காக்கும். இலை தானே பழுக்கும்வரை அதனை அறுத்தல் ஆகாது. அடுத்த ஆண்டுப் பூவுக்குரிய உணவை அதுவே கிழங்கில் சேர்க்கிறது. நீண்ட குளிர் வேண்டுவதாதலின், நம் சமவெளித் தோட்டங்களுக்கு இஃது ஏற்றதன்று.

கிழங்கு நச்சுடையது, குழந்தைகள் கைக்கு எட்டலாகாது. எனினும் இவ்வினத்தில் 1950-களில் பிரித்தெடுக்கப்பட்ட ‘கலாந்தமின்’, இன்று மறதி நோய்க்கு மருந்தாக வழங்கப்படுகிறது.

துருக்கிக் காடுகளில் இவ்வினக் கிழங்குகளை அளவிறந்து தோண்டி விற்றனர். 1990 முதல் இவற்றின் பன்னாட்டு வாணிகம் ‘சைட்டீஸ்’ உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. ஆகவே பண்ணையில் வளர்த்த கிழங்கையே வாங்குதல் முறை. ஒரு தோட்டம் பொலிவுபெற ஒரு காடு வெறுமையாதல் தகுமோ?