உங்களுக்குத் தெரியுமா? ‘இறந்துவிட்டார்’ என்று எழுதித் தர மறுத்த பெண்கள்

2004 டிசம்பர் 26 அன்று சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் புகுந்த அதே சுனாமிதான் இலங்கையின் முல்லைத்தீவையும் சூறையாடியது. அங்கே அலை ஓய்ந்தும் நிம்மதி இல்லை; மீண்டும் போர் மூண்டு 2009 மே வரை நீடித்தது.

போரில் காணாமல்போன கணவரின் வங்கிக் கணக்கைத் தொட வேண்டுமா? மரணச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். உடலைக் கண்ணால் பார்க்காமல் எந்த மனைவி கையெழுத்துப் போடுவாள்? பலர் மறுத்தார்கள். வறுமையிலும் மறுத்தார்கள்.

2016-இல்தான் இலங்கைச் சட்டம் இறங்கிவந்தது. ‘ஆளைக் காணவில்லை’ என்று மட்டும் பதிந்து தரும் சான்றிதழ் வந்தது. அதைக் காட்டி நிவாரணம் கோரலாம், சொத்தைப் பராமரிக்க வழி தேடலாம்.

காணாமல்போனோரின் தாய்மாருக்கு அது போதவில்லை. “எங்கள் பிள்ளைகள் எங்கே?” என்று கேட்டு 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள்.