தலைக்குள் ஓர் ஆன்டெனா

மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளிகள் சிலருக்கு, வலிப்பு மூளையின் எந்த மூலையில் கிளம்புகிறது என்று அறிய, மண்டையோட்டில் சிறு துளைகள் இட்டு மெல்லிய மின்முனைகளைச் செருகுவார்கள். பாரிஸில் தலேராக், பான்கோ என்ற இரு மருத்துவர்கள் 1950-களின் பிற்பகுதியில் உருவாக்கத் தொடங்கிய முறை இது. வயர்கள் தலைக்கட்டுக்கு வெளியே தொங்க, நோயாளி சில நாட்கள் ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்பில் இருப்பார். அந்த நிலையில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

காந்தம் மின்முனையைப் பிடுங்கிவிடாதா என்றுதான் முதலில் பயம் வரும். அது பெரும்பாலும் வீண் பயம். நுனியில் இருப்பது பிளாட்டினம் அல்லது பிளாட்டினம்-இரிடியம் கலவை. காந்தம் அதை இழுக்காது. ஆபத்து ரேடியோ அலையில் இருக்கிறது. 1.5 டெஸ்லா இயந்திரம் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் அலையை உடலுக்குள் செலுத்துகிறது. 3 டெஸ்லா இயந்திரம் 128. நீண்ட வயர் அதை ஆன்டெனாவாக வாங்கி, உறையில்லாத நுனியில், அதாவது மூளைத் திசுவில், வெப்பமாக இறக்கிவிடும்.

எவ்வளவு சூடு என்பதில் வயரின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 64 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் உடல் திசுவுக்குள் ஏறக்குறைய அரை மீட்டர். வயரின் நீளம் அதில் பாதியை நெருங்கினால் சூடு உச்சத்துக்குப் போகலாம். 3 டெஸ்லாவில் அலைநீளம் இன்னும் குறுகும், கணக்கும் மாறும். ஆகவே 3 டெஸ்லாவில் தேறிய மின்முனை 1.5-இல் தானாகவே பத்திரம் ஆகிவிடாது. வெளி வயரை எப்படிச் சுருட்டி வைத்தார்கள் என்பதுகூட வெப்பத்தை மாற்றும்.

2005-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இதில் முக்கியமானது. மூளையில் மின்முனை பொருத்திய பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்குக் கீழ்முதுகில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். ஆனாலும் மின்முனையைச் சுற்றி ரத்தக்கசிவு ஏற்பட்டு, உடலின் ஒரு பக்கம் நிரந்தரமாகப் பலவீனமானது.

வலிப்புக்கென மண்டையோட்டிலேயே பதிக்கும் ஆர்.என்.எஸ். கருவிக்கு அமெரிக்கா 2013-இல் அனுமதி தந்தபோது, அதை வைத்திருந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. கூடாது. 2020-இல்தான் புதிய மாடலுக்கு, அதுவும் 1.5 டெஸ்லாவில், நிபந்தனைகளோடு வழி பிறந்தது. கருவி அட்டையில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் ‘நிபந்தனையுடன் எடுக்கலாம்’ என்று பொருள். தாராளமாக எடுக்கலாம் என்றல்ல. முழங்காலுக்கு ஸ்கேன் என்றாலும், உள்ளே போகுமுன் அந்த அட்டையை எடுத்துக் காட்டுங்கள். மாடல் எண்ணைப் பார்க்காமல் ‘பரவாயில்லை’ என்று யார் சொன்னாலும் படுக்காதீர்கள்.