"அங்கால நிக்கிறாங்க!" — ஸ்பீட் கன்னின் மறுபக்கம்

நிந்தவூர் பசார் முடிந்து வயல்வெளி திறக்கும் இடம் உங்களுக்குத் தெரியும்தானே? வலப்பக்கமும் இடப்பக்கமும் பச்சை, எதிரே கழியோடைப் பாலம், முகத்தில் அடிக்கிற காற்று. கால் தானாகவே அக்சிலேட்டரை அமத்தும். அந்த நேரம் பார்த்து ஒலுவில் பக்கமிருந்து வருகிற மீன் லொறி ரெண்டு தரம் லைட் அடிக்கும். அவ்வளவுதான்! சாறனை மடித்துக் கட்டி மோட்டார் சைக்கிளில் பறக்கிற காக்காவும், கட்டுநாயக்காவுக்கு ஆளேற்றிப் போகிற ஹையேஸ் வேனும், உம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிய ஓட்டோவும் ஒரே மூச்சில் மெதுவாகும். பேர் தெரியாது, ஊர் தெரியாது, முகம்கூடத் தெரியாது. ஆனாலும் சேதி வந்து சேர்ந்துவிடும்: "அங்கால நிக்கிறாங்க."

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நம் கிழக்குக் கரையோர ஏ4 நெடுஞ்சாலை நெடுக இந்த லைட் சேதி ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு கையையும் நீட்டி நிற்கிற ட்ரபிக் பொலிஸைப் பார்த்திருப்போம், தண்டத் தாளைப் பார்த்திருப்போம். அவர் கையிலுள்ள ஸ்பீட் கன் என்ற கறுப்பு வேகத் துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? வாங்க, இன்றைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்போம். நான் வாசித்து வாசித்து வியந்துபோன விஷயம் இது. சொல்லாமல் இருக்க முடியவில்லை!

முதல் ஆச்சரியம்: லேசர் வகைத் துப்பாக்கி நேராக வேகத்தை அளப்பதே இல்லை. அது அளப்பது தூரத்தை. கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருமே, அதே வேலையைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் செய்கிறது. விசையை அமத்தியதும் ஒளித்துடிப்புகள் பாய்ந்து போய் உங்கள் வாகனத்தில் பட்டுத் திரும்புகின்றன. 500 மீற்றர் தூரத்தில் நீங்கள் வந்தால் ஒரு துடிப்பு போய்த் திரும்ப எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் மூன்று பங்கைவிடச் சற்றே அதிகம். சுப்ஹானல்லாஹ்! கண்ணிமைக்கும் பொழுதில் பல துடிப்புகள் போய் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தூரம் கணக்கிட்டு, தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று பார்த்து, திரையில் எண்ணைக் காட்டும். மொத்த வேலையும் ஏறக்குறைய ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்குக்குள் முடிந்துவிடும். மணிக்கு 70 கிலோமீற்றரில் வருகிற வாகனம் அந்த நேரத்தில் ஏறக்குறைய ஆறரை மீற்றர்தான் நகர்ந்திருக்கும். "பிரேக் அடிச்சுட்டேனே!" என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் எண் பதிந்தாயிற்று.

எங்கே குறி வைப்பார்கள்? இலக்கத் தகடு, இல்லையென்றால் முன் லைட். ஒளியை வந்த வழியே நன்றாகத் திருப்பி அனுப்பும் பகுதிகள் அவைதான். கறுப்பு வாகனம் என்றால் பிடிபடாது என்று சந்திக் கடையில் சொல்லுகிற கதையெல்லாம் தகட்டிடம் எடுபடாது.

இன்னொரு ரகசியம், இதைக் கேட்டால் சாரதிகள் துள்ளிக் குதிப்பீர்கள். பொலிஸார் வீதியின் ஓரத்தில்தானே நிற்கிறார்கள்? அதனால் ஒளி உங்களை நேர்முகமாகச் சந்திக்காமல் கொஞ்சம் சரிந்து சந்திக்கிறது. அந்தச் சரிவு கூடக் கூட, கருவி காட்டும் வேகம் உங்கள் உண்மையான வேகத்தைவிடக் குறையும். 10 பாகை சரிந்தால் 70 என்பது 69 ஆகும், 20 பாகை சரிந்தால் 66க்குக் கிட்ட வந்துவிடும். அதாவது, ஒரே இடத்தில் நிற்கிற கருவியின் கோணப் பிழை எப்போதும் சாரதியின் பக்கம்தான். இதைச் சொன்னால் நம்பாமல் சிரிக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் கொசைன் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சரி, அப்படியென்றால் கருவி பிழையே விடாதா? விடும். எங்கே விடும் என்பதுதான் சுவையான இடம். ஒளிக்கற்றை நூல் மாதிரி மெல்லியதாகவே போவதில்லை, போகப்போக விரியும். வழக்கமான கருவிகளில் 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் அகலம், 300 மீற்றரில் ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர். ஒரு கிலோமீற்றரில் மூன்று மீற்றர்! மூன்று மீற்றருக்குள் நம்முடைய வீதியில் என்னென்ன வரும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு ஓட்டோ, அதை முந்துகிற மோட்டார் சைக்கிள், பக்கத்தில் சைக்கிளில் போகிற மாணவன். எண் யாருடையது? அதோடு, கை ஆடி ஒளிப்புள்ளி வாகனத்தின் பக்கவாட்டில் வழுக்கினால், வழுக்கிய தூரமும் வேகமாகச் சேர்ந்துவிடக் கூடும். அதனால்தான் குறி அசையாமல் நிற்க வேண்டும், கிட்டத்தில் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பழைய ரேடார் துப்பாக்கியின் கதை இன்னும் வேடிக்கை. அது ஒளிக்குப் பதிலாக வானொலி அலையை அகலமாக வீசும், யார் முன்னால் யார் பின்னால் என்று பிரித்துச் சொல்லத் தடுமாறும். 1979இல் அமெரிக்காவின் மயாமியில் ஒரு தொலைக்காட்சிக்காரர் ரேடார் கருவியைச் சோதித்துக் காட்டினார். வேர்விட்டு நின்ற ஒரு பாம் மரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடுவதாகக் கருவி சொன்னது! ஒரு வீடு 28 மைல் வேகத்தில்! அங்கே நீதிமன்றம் ரேடார் சாட்சியத்தை ஏற்க மறுத்த வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம் கரையோரத் தென்னைகளுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை.

இந்தப் பிழைகளைத் தடுக்கத்தான் கடமைக்கு முன் ஒரு சிறு சடங்கு இருக்கிறது. லேசர் கருவிகளைச் செய்கிறவர்கள் எழுதிக்கொடுத்த முறை அது. முதலில் கருவி தன்னைத்தானே சோதிக்க வேண்டும், திரையில் எல்லா எண்ணும் எரிய வேண்டும். பிறகு, அளந்து வைத்த ஒரு தூரத்துக்குக் குறி வைத்து அதே தூரத்தைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக வருவது எனக்கு மிகப் பிடித்தது. தூரத்தில் தனியாக நிற்கிற ஒரு மின்கம்பத்தை எடுத்து, கருவியை இடமும் வலமுமாக, பிறகு மேலும் கீழுமாக அசைப்பார்கள். ஒளி கம்பத்தில் படும்போது கருவியின் ஓசை மாறும். குறிக்கண்ணாடியின் புள்ளி கம்பத்தில் இருக்கும் அதே கணத்தில் ஓசை மாறினால் குறி நேர். முந்தியோ பிந்தியோ மாறினால் அன்றைக்கு அந்தக் கருவி வேலைக்கு ஆகாது. காதால் கண்ணைச் சரிபார்க்கிற வித்தை!

வீதியில் வேகம் பிடிப்பது இருவர் செய்கிற வேலை. ஒருவர் பிடிக்கிறவர், மற்றவர் சற்றுத் தள்ளி மறிக்கிறவர். இடையில் போனிலோ வோக்கியிலோ ஒரு வரி: வெள்ளை வேன், இலக்கம் இன்னது. இங்கேதான் நம் பக்கத்துச் சாரதிகளின் பெரிய மனக்குறை பிறக்கிறது. மாலை ஐந்தரைக்கு மாளிகைக்காட்டுச் சந்தியில் நின்று பாருங்கள், வெள்ளை ஹையேஸ் எத்தனை! நோன்பு மாதம் என்றால் கேட்கவே வேண்டாம், மஃரிபுக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் றோட்டில். "நானில்ல சேர், முன்னுக்குப் போனவன்" என்று சொல்கிறவர் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வேகத்தை மட்டும் காட்டுகிற பழைய கருவியில் அவருக்கு நிரூபிக்க வழியில்லை, பொலிஸாருக்கும் நிரூபிக்க வழியில்லை.

அதனால்தான் 2025இல் இலங்கைப் பொலிஸ் கொண்டுவந்த புதிய கருவிகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கில் விலை. ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் பிடிக்கும், இரவிலும் பிடிக்கும், வாகனத்தின் படத்தையும் சேர்த்துப் பதியும். கொழும்புக்கு இரவு ஓட்டம் ஓடுகிறவர்களுக்கு இது பயம் தருகிற சேதி. ஆனால் யோசித்துப் பாருங்கள், படம் வந்துவிட்டால் வெள்ளை வேன் சண்டை தீர்ந்தது! யாருடைய வேகம் என்பதற்குச் சாட்சி திரையிலேயே இருக்கிறது.

சவூதியில் லொறி ஓட்டித் திரும்பிய நம்மவர்களுக்கு இதெல்லாம் பழைய பாடம். 2010இல் ரியாதில் தொடங்கிய ஸாஹிர் வேகக் கமராக்கள் வீதியோரம் நிறுத்திய வாகனங்களுக்குள்ளும் உட்கார்ந்திருந்தன. யாரும் மறிக்க மாட்டார்கள், வாக்குவாதம் கிடையாது, போனுக்குச் சேதி மட்டும் வரும். ஒளித்து வைத்துப் பிடிக்கிறார்கள் என்ற குமுறல் அங்கேயும் இருந்தது. பிரிட்டனில் அந்தக் குமுறல் பெருகி, 2000களின் தொடக்கத்தில் வீதிக் கமராப் பெட்டிகளுக்கு எல்லோர் கண்ணிலும் படும்படி மஞ்சள் பூசினார்கள். அந்த நாட்டில் நிறைய இடங்களில் நின்ற கட்ஸோ கமராவைப் படைத்தவர் யார் தெரியுமா? மோரிஸ் கட்ஸோனிடிஸ், 1953இல் மொண்டி கார்லோ ரலியில் வென்ற டச்சுக் காரோட்டப் பந்தய வீரர்! தான் வளைவில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறார் என்று அளந்து, இன்னும் வேகமாகப் போகத்தான் அவர் கருவி செய்தார். வேகப் பிரியன் செய்த கருவி உலகத்தின் வேகத்தைப் பிடிக்கிறது.

நம் கரைக்குத் திரும்புவோம். நாட்டில் வீதி விபத்துகளால் வருஷத்துக்கு 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். ஏ4 நம் ஊர்களில் வெறும் நெடுஞ்சாலை இல்லை. பள்ளிவாசல் வாசல், பாடசாலைக் கேற், மீன் சந்தை, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், எல்லாம் அதன் ஓரத்தில்தான். அறுவடைக் காலத்தில் வேளாண்மை ஏற்றிய மெசின் பெட்டிகள் லைட் இல்லாமல் போகும். ஸ்பீட் கன் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஜும்ஆ முடிந்து வெளியே ஓடிவருகிற பிள்ளைகளைப் பார்த்த யாருக்கும் வராது.

ஆனால் ஒரு நியாயம் கேட்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 50, வெளியே 70. ஓட்டோவுக்கு 40. நம் பக்கத்தில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்ற ஊர் எங்கே தொடங்குகிறது? சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் காரைதீவும் ஒட்டிக் கிடக்கின்றன. வெட்டுவாய்க்காலில் வயல் கொஞ்சம் தலைகாட்டும், உடனே மீண்டும் கடைத்தெரு. 50 எங்கே 70 ஆகிறது, 70 எங்கே மறுபடி 50 ஆகிறது என்று சொல்கிற பலகை இல்லாத இடத்தில், அந்த எல்லையிலேயே மர நிழலில் நின்று பிடித்தால் சாரதிக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? பெரிய எழுத்தில் எல்லைப் பலகை வையுங்கள், அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள். தண்டத் தாளைத் தமிழிலும் நிரப்பிக் கொடுங்கள். 1987இலிருந்து அரசியலமைப்பில் தமிழும் அரச கரும மொழி, கிழக்கில் அது நிர்வாக மொழியும்கூட. என்ன குற்றத்துக்குக் கையெழுத்து வைக்கிறோம் என்று ஒரு மனிசன் வாசித்துப் பார்க்க வேண்டாமா?

தண்டம் 3,000 ரூபாயில் தொடங்குகிறது. காசைவிடக் கசந்தது அலைச்சல். முன்பெல்லாம் கல்முனையிலிருந்து போன வேன் சியம்பலாண்டுவையில் பிடிபட்டால் லைசன் அந்தப் பொலிஸிலேயே தங்கிவிடும். 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டி, துண்டைக் கொண்டு மறுபடி அவ்வளவு தூரம் போக வேண்டும். ஒரு நாள் உழைப்பு போயிற்று. 2025இல் தொடங்கிய கவ்பே (GovPay) என்ற அரச இணையக் கட்டண முறையில் வீதியோரத்திலேயே போனில் கட்டி லைசனை வாங்கிக்கொண்டு போக வழி பிறந்தது. ஓட்டத்தை நம்பி வாழ்கிற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆகவே, அடுத்த முறை மறித்தால் பதறாதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். இறங்கி, சலாமோ வணக்கமோ சொல்லி, "சேர், திரையை ஒருக்காப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் பக்கத்தில் இருக்கிற தூரத்தையும் பாருங்கள். 150 மீற்றர் என்று இருந்தால் ஒளிக்கற்றை உங்கள் வாகனத்தில்தான் பட்டிருக்கும், காசைக் கட்டிவிட்டுப் போங்கள். 900 மீற்றர் என்று இருந்து, பக்கத்தில் வேறு வாகனமும் வந்திருந்தால், படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். படத்தில் உங்கள் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.