பின்கட்டுக்கு வாங்க!

கடையின் முகப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி அலமாரி, சீரியல் பல்பு, சந்தனம் பூசிய கல்லாப்பெட்டி. இன்று நான் உங்களைக் கூட்டிப்போவது பின்கட்டுக்கு. பாளையங்கோட்டையில் என் மைனி (அண்ணி) வீட்டுப் பின்கட்டு அது. ஒரு பக்கம் உளுந்து வறுபடுகிற வாசம், மறுபக்கம் மிக்ஸியின் இரைச்சல், நடுவில் ஒரு மர மேசை. மேசைமேல் லேப்டாப். லேப்டாப்புக்குள் இன்னும் நான்கு பின்கட்டுகள், இணையக் கடை போட உதவும் நான்கு மென்பொருள்களுக்கு உள்ளே! ஷாப்பிஃபை, விக்ஸ், ஜோஹோ காமர்ஸ், வேர்ட்பிரஸோடு வூகாமர்ஸ். நான்கிலும் சோதனைக் கணக்கு திறந்து, இரண்டு ராத்திரி தூங்காமல் குடைந்திருக்கிறோம். அவ்வளவு குஷி!

மைனி பொடி விற்கிறார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில், கணக்கு கோடு போட்ட நோட்டில். போன தீபாவளிக்கு ஒரே பேரில் இரண்டு பேர் கேட்க, பார்சல் மாறிப்போய்விட்டது. அன்றைக்கு ராத்திரிதான், “தம்பி, நமக்குன்னு ஒரு வெப்சைட் போட்டுருவமா?” என்று கேட்டார். நான் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்.

இந்த மென்பொருள்கள் பிறந்த கதையே அலாதி. 2004-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் டோபியாஸ் லுட்கே என்ற இளைஞர் நண்பரோடு சேர்ந்து பனிச்சறுக்குப் பலகை விற்க இணையத்தில் கடை போட்டார். கடையின் பெயர் ஸ்னோடெவில். அன்று கிடைத்த கடை மென்பொருள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தானே ஒன்றை எழுதினார். பலகையைவிட மென்பொருளுக்குத்தான் மவுசு என்று தெரிந்ததும் 2006-இல் அதையே விற்க ஆரம்பித்தார். அதுதான் ஷாப்பிஃபை. வேர்ட்பிரஸ் வேறு வழி வந்தது. 2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு மென்பொருளை எடுத்துத் திருத்தி, இணையத்தில் எழுதுகிறவர்களுக்காக உருவாக்கியது. எட்டு வருஷம் கழித்து, 2011-இல்தான் அதன்மேல் வூகாமர்ஸ் வந்து உட்கார்ந்தது.

ஆக, ஒன்று கடைக்காரர் தனக்காகக் கட்டிய கடை. இன்னொன்று எழுதுகிறவர் வீட்டுத் திண்ணையில் பிறகு இறக்கிய கடை. பின்கட்டுக்குள் போனால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது, பாருங்கள்! ஷாப்பிஃபையின் இடது ஓரத்தில் முகப்புக்கு அடுத்து நிற்பதே ஆர்டர்கள்தான், அதற்கடுத்து சரக்கு. வேர்ட்பிரஸில் முதலில் வருவது கட்டுரைகள், அப்புறம் படங்கள், பக்கங்கள். கடை கீழே எங்கேயோ இருக்கும். மைனி இதை ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். “இதுல கல்லாப்பெட்டி வாசல்லயே இருக்கு தம்பி. அதுல அடுப்படியைத் தாண்டிப் போகணும் போல.”

இனி நான் ரொம்ப ரசித்த இடத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்து!

அழகான ஒரு டெம்ப்ளேட்டைத் திறந்தோம். தலைப்பில் ஏதோ மெழுகுவத்திக் கடையின் பெயர், மெலிந்த நாகரிகமான எழுத்தில் இருந்தது. அதை அழித்துவிட்டு ‘கறிவேப்பிலைப் பொடி’ என்று தட்டினேன். அந்த மெலிந்த எழுத்துருவில் தமிழே கிடையாது. போனில் திறந்து பார்த்தால், அதில் இருந்த ஏதோ ஒரு எழுத்து ஓடிவந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளி ஆங்கிலத்துக்கு அளந்து வைத்தது. போன் திரையில் தலைப்பு இரண்டு வரியாக மடிய, கீழ்வரி ‘டி’யின் கொக்கி மேல்வரியின் காலில் போய் முட்டியது. “என்ன தம்பி, பொடிக்குக் கழுத்து சுளுக்கிட்டா?” என்று மைனி கேட்க, வீடே சிரித்தது.

சுளுக்கு எடுக்க வழி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள் இன்று எத்தனை! நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர், மீரா இனிமை, பாலூ தம்பி. கேட்டமரன் என்று ஒன்று. நம்முடைய கட்டுமரம் கடல் கடந்து போய், அந்தப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. இவற்றில் பிடித்ததைப் போட்டு, வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் தலைப்பு நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். வேர்ட்பிரஸில் 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து, புதுவகைத் தீம்களில் எழுத்துருவை நாமே ஏற்றிக்கொள்ளலாம். மைனி பாலூ தம்பியைத் தேர்ந்தெடுத்தார். குண்டுகுண்டாக, சாப்பாட்டுக் கடைக்கென்றே வார்த்த எழுத்து போல இருக்கிறது.

அடுத்தது பட்டன். ‘வண்டியில் சேர்க்கவும்’ என்று போட்டால் பட்டனுக்குள் அடங்காமல் இரண்டு வரியாகிறது. மைனி சட்டென்று சொன்னார்: “‘பையில் போடு’ன்னு வைங்க. கடைக்கு வாரவங்க பையிலதான போடுதாங்க?” எத்தனை கச்சிதம்! விக்ஸிலும் ஷாப்பிஃபையிலும் அந்த வாசகத்தை நேராக மாற்றிவிட முடிந்தது. வூகாமர்ஸில் ஒரு துண்டு நிரல் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

பணம் வருகிற வழியைப் பார்க்கும்போது மட்டும் மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஷாப்பிஃபையின் சொந்தப் பணச் சேவை இந்தியாவில் இல்லை. வாங்குகிறவர் பணத்தை நம்மிடம் சேர்க்கிற வேறு பேமெண்ட் கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும். அப்படி இணைத்தால், அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 சதவீதத்தை ஷாப்பிஃபை தனியாக எடுத்துக்கொள்கிறது. கேட்வேக்காரர்கள் பொதுவாக வாங்குவதும் 2 சதவீதம் அளவில்தான், அதன்மேல் ஜிஎஸ்டி. 250 ரூபாய் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டோம். கேட்வேக்கு 5 ரூபாய், அதற்கு வரி 90 காசு, ஷாப்பிஃபைக்கு 5 ரூபாய். ஆக 10 ரூபாய் 90 காசு. மாத வாடகை வேறு. “நான் ஒட்டுத லேபிளுக்கே அவ்வளவு ஆவாதே!” என்றார் மைனி. வூகாமர்ஸ் அந்த 5 ரூபாயைக் கேட்காது. ஆனால் ஹோஸ்டிங் (தளம் குடியிருக்கும் இடம்) வாடகை, பேக்கப், வாராவாரம் அப்டேட் எல்லாம் நம் தலையில். இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரூபாயாகக் கொடுக்காததை நேரமாகக் கொடுப்போம்.

கேட்வேயில் சேர்வதற்குத் தளத்தில் சில பக்கங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். தொடர்பு முகவரி, டெலிவரி விவரம், தனியுரிமை, ரிட்டர்ன் விதி. முதல் மூன்றும் மளமளவென்று முடிந்துவிட்டன. ரிட்டர்ன் விதியில் நின்றோம். “பிரிக்காத பாக்கெட்டா இருந்தாலும் திரும்ப வாங்கி இன்னொருத்தருக்கு விக்க மாட்டேன். ஒடஞ்சு வந்திருந்தா ஒரு போட்டோ அனுப்பட்டும், புதுசு அனுப்புதேன்.” இதைச் சொல் மாறாமல் எழுத்துத் தமிழில் இறக்கினேன். இதைவிடத் தெளிவான ரிட்டர்ன் விதியை நான் எந்தப் பெரிய கடையிலும் படித்ததில்லை. பக்கத்தின் அடியில் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் போட்டோம்.

கொல்லைக் கதவையும் திறந்து பார்த்தோம். நாளைக்கு இந்த இடம் வேண்டாம் என்றால் எதை எடுத்துக்கொண்டு போகலாம்? ஷாப்பிஃபையில் சரக்குப் பட்டியலும் வாடிக்கையாளர் பட்டியலும் அட்டவணையாக இறங்கிவிடும், அலங்காரம் வராது. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. வேர்ட்பிரஸில் சுவர், ஓடு, கதவு நிலை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றலாம். இதை நான் பெரிதாக எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. சிறு கடைகளுக்குக் கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. ஜூன் 10 வரை பழைய முகவரியைத் தட்டியவர்களைக் கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்திருந்தவர்கள் பாவம்.

முகவரியும் நம் பெயரில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பாத்திரக்கடைக்காரர் ஒருவருக்கு வெப்சைட் போட்டுக்கொடுத்தவர், டொமைனைத் தன் பெயரில் பதிந்துவிட்டார். பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. கெடு முடிந்து பெயரும் போயிற்று, ஆறு வருஷப் பழக்கமும் போயிற்று. அதனால் மைனியின் டொமைனை மைனியின் மின்னஞ்சலில், மைனியின் கார்டிலேயே வாங்கினோம்.

இரண்டாம் நாள் ராத்திரிதான் உச்சம். முற்றத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் போனைக் கொடுத்து, நான்கு தளத்திலும் பொய் ஆர்டர் போடச் சொன்னோம். நாங்கள் பின்கட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. மைனி ஒவ்வொரு ஆர்டரையும் தானே திறந்தார், பின்கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தார், எடை சரியா என்று பார்த்தார், அனுப்பியாயிற்று என்று தானே மாற்றினார். ஷாப்பிஃபையில் இது வெண்ணெயாக நடந்தது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜோஹோவிலும் விக்ஸிலும் தடுமாற்றமில்லை. வூகாமர்ஸில் கொஞ்சம் தேடினார்.

அப்போதுதான் வேர்ட்பிரஸின் அமைப்புகளுக்குள் போய் மொழியைத் தமிழ் என்று மாற்றிச் சேமித்தேன். பின்கட்டு தமிழாயிற்று! முழுக்க இல்லை, சில இடம் தமிழ், சில இடம் ஆங்கிலம். ஆனாலும் மைனி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். சரக்கு எத்தனைக்குக் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்ற கட்டத்தை அவரே கண்டுபிடித்தார். அதில் 2 என்று இருந்தது. “ரெண்டா? இலையை நிழல்ல காயப் போட்டு எடுக்கவே ரெண்டு நாளாவும்” என்று சொல்லிக்கொண்டே 10 ஆக்கினார். முடிவு அங்கேயே ஆகிவிட்டது. வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ், ஞாயிற்றுக்கிழமை அப்டேட் என் பொறுப்பு.

என் பொறுப்பு என்று ஏற்க வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஷாப்பிஃபைக்கே போயிருப்போம், அந்த 5 ரூபாயைக் கொடுத்துவிட்டு. நாலு படமும் போன் நம்பரும் போதும் என்கிற தையல் கடைக்கோ ஸ்டுடியோவுக்கோ விக்ஸ் தாராளம்.

நீங்களும் கடைக்குத் தளம் தேடுகிறவர் என்றால், இன்று ராத்திரியே ஒரு சோதனைக் கணக்கு திறங்கள். ஒரே ஒரு பொருளை, தமிழில், ஏற்றுங்கள். வீட்டில் ஒருவரை முற்றத்தில் உட்காரவைத்து ஆர்டர் போடச் சொல்லுங்கள். நாளைக்குக் கடையை நடத்தப்போகிறவர் யாரோ, அவரைப் பின்கட்டில் உட்கார வையுங்கள்.