டோக்கன் தீர்ந்த பிறகு

1993-இல் செகா வெளியிட்ட ‘விர்ச்சுவா ஃபைட்டர்’ நான் பிறப்பதற்கு முன்பே ஆர்கேட் கடைகளுக்கு வந்துவிட்டது. விடுமுறையில் மாமாவின் பழைய சாட்டர்ன் கருவியில் அதை விளையாடினேன். வீரர்களின் உடல் முழுக்கப் பலகோணங்கள். காகிதம் மடித்துச் செய்த பொம்மைகள்போல் இருந்தார்கள். சிரித்துவிட்டேன்.

குத்து, உதை, தடுப்பு என மூன்றே பொத்தான்கள். கண்டபடி அழுத்தினேன். மாமா என்னை மேடைக்கு வெளியே தள்ளினார். சுற்று அதோடு முடிந்தது.

“பொத்தான விடு, ஆளோட அசைவப் பாரு,” என்றார். பார்த்தேன். முகத்தில் விவரம் குறைவு. ஆனால் உதைக்குமுன் உடல் சாய்வது தெரிந்தது. ஒருமுறை தடுத்தேன்.

“டோக்கன் தீர்ந்தா, பின்னால நின்னு மத்தவங்க ஆடுறதப் பார்ப்போம். அப்படித்தான் கத்துக்கிட்டேன்,” என்றார் மாமா.

நானோ தோற்றதும் உடனே மறுபடி தொடங்கிப் பழகியவன். ஏன் தோற்றேன் என்று யோசித்ததே இல்லை.