பயிர்க்காவலுக்குத் துவக்கு: செய்விப்பதா, வாங்குவதா?

கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவிலேயே வயலைப் பாழாக்கிவிடும். இதனாற் கலங்கிய கமக்காரர் சிலர், செலவு குறைவென எண்ணிக் கம்மாலையில் துவக்குச் செய்விக்கின்றனர். இது பெரும் ஆபத்தாகும்.

அத்தகைய துவக்கின் குழல் பெரும்பாலும் நீர்க்குழாயே. அது நீரின் அமுக்கத்தைத் தாங்கவே ஆக்கப்பட்டது. வெடிமருந்து எரிகையில் எழும் வாயுவின் அமுக்கமோ பன்மடங்கு. குழல் பிளந்தால், சுடுபவரின் கையும் கண்ணும் போகும். சோதனை முத்திரை பெற்ற தொழிற்சாலைக் குழல், மிகை மருந்திட்டுச் சோதிக்கப்பட்டதாகும்.

கட்டுத்துவக்கு வைப்பது இதனிலும் கொடிது. கம்பியில் இடறுவது பன்றியா, விறகு பொறுக்கும் அயலவரா என்பதை அது அறியாது.

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றித் துவக்குச் செய்தலும் வைத்திருத்தலும் குற்றங்களாகும்.

ஆகவே, துவக்கு இன்றியமையாததாயின், முதலில் கிராம அலுவலரிடம் விசாரித்து, முறைப்படி அனுமதி பெற்ற பின்னரே வாங்குங்கள். வயலுக்கு றைபிள் ஏற்றதன்று. அதன் குண்டு ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் உயிரைக் கொல்லும். சன்னத் துவக்கின் சன்னங்கள் குறுந்தொலைவிலேயே வலுவிழக்கும். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும்.

துவக்கு இல்லாதோர், வேலியைச் செப்பனிட்டு, வயலோரப் பற்றைகளை வெட்டி, அயற் கமக்காரருடன் முறைவைத்துப் பரணில் இராக்காவல் காத்தல் நன்று.